கீழ்ப் பல்செட் நழுவுகிறது: இரண்டு திருகா, நான்கு திருகா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 67. கானாடுகாத்தானில் இருக்கிறேன். பதினொரு ஆண்டுகளுக்கு முன் எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டு, மேலும் கீழும் பல்செட் வைத்துக்கொண்டேன். மேல் செட் ஒட்டி நிற்கிறது. கீழ் செட்டை மூன்று முறை மாற்றியும் பயனில்லை. பேசினால் எழும்புகிறது, மென்றால் அடியில் பருக்கை புகுந்து குத்துகிறது. கல்யாண வீட்டுப் பந்திகளில் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். ஓரிடத்தில் தாடை எலும்பில் நான்கு இம்ப்ளான்ட் திருகு வைத்துக் கழற்ற முடியாத நிரந்தரப் பற்கள் கட்டலாம் என்றார்கள். இன்னோரிடத்தில் இரண்டே போதும், கழற்றி மாட்டிக்கொள்ளலாம் என்றார்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் செலவைப் பார்க்க வேண்டாம் என்கிறான். தை மாதத்தில் என் கணவருக்கு எழுபது வயதுப் பீமரத சாந்தி, அதற்குள் முடியுமா? எனக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது; போன மாதம் எச்பிஏ1சி 8.6. இந்த வயதில் எலும்பில் துளை போடுவது தேவைதானா என்றும் பயமாக இருக்கிறது.

பின்குறிப்பு: எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை மூன்று வருடமாகச் சாப்பிடுகிறேன். தினமும் ஆஸ்பிரின் ஒன்று உண்டு. சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை பாக்கு போடுவேன், புகையிலை கிடையாது.

பதில்: அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

சுற்றி வளைக்காமல் முதலில் என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் நிலைமைக்குக் கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, அவற்றின் மேல் கழற்றி மாட்டும் பல்செட்டைப் பொருத்திக்கொள்வதே ஏற்றது. மேல் செட் நன்றாக ஒட்டி நிற்பதால் அங்கே இப்போது எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் சர்க்கரை 8.6-இல் இருக்கும்போது, இரண்டு திருகாக இருந்தாலும் நான்கு திருகாக இருந்தாலும் நான் கை வைக்க மாட்டேன். நேரில் பார்த்து, ஸ்கேன் எடுத்த பிறகே எந்த மருத்துவரும் முடிவு சொல்ல முடியும் என்றாலும், யோசிக்க வேண்டிய வரிசை இதுதான்.

நீங்கள் பின்குறிப்பில் எழுதியதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை தரும் மாத்திரை பெரும்பாலும் அலென்ட்ரோனேட் வகையைச் சேர்ந்தது. இந்த மருந்துகள் எலும்பு கரைவதைத் தடுக்கின்றன. அதே காரணத்தால் தாடை எலும்பு தன் காயத்தைத் தானே புதுப்பித்துக்கொள்வதையும் மெதுவாக்குகின்றன. மிகச் சிலருக்கு, பல் எடுத்த இடமோ இம்ப்ளான்ட் வைத்த இடமோ ஆறாமல், எலும்பு வெளியே தெரியும்படி நின்றுவிடுகிறது. மாத்திரையாகச் சில ஆண்டுகள் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. நான்கு ஆண்டுகளைத் தாண்டும்போதும், ஸ்டீராய்டு மருந்து சேரும்போதும் அது கூடுகிறது. புற்றுநோய்க்காக இதே வகை மருந்தை நரம்பு வழியாக ஏற்றிக்கொள்பவர்களுக்கு இம்ப்ளான்ட் வேண்டாம் என்றே சொல்வேன். உங்களுக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது. ஆகவே கதவு மூடிவிடவில்லை, ஆனால் காலம் கடத்தவும் இடமில்லை. அந்த மாத்திரை அட்டையை, காலி அட்டையானாலும், கட்டாயம் எடுத்து வாருங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியைத் திடீரென்று விட்டுவிட்டால் முதுகெலும்பு முறியும் அபாயம் உண்டு, அதை நிறுத்துவதும் தள்ளிப் போடுவதும் ஊசி எழுதித் தந்த மருத்துவரின் பொறுப்பு. ஆஸ்பிரினும் அப்படியே. இரண்டு சிறிய துளைகளில் கசியும் இரத்தத்தைப் பஞ்சாலும் தையலாலும் அடக்கிவிடலாம். மாத்திரையை நிறுத்தியதால் இதயத்தில் அடைப்பு வந்தால் அதைப் பல் மருத்துவரால் அடக்க முடியாது.

அடுத்தது சர்க்கரை. எச்பிஏ1சி என்பது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி. அது 7-ஐ ஒட்டி வர வேண்டும் என்பது என் விருப்பம். 8-க்கு மேல் இருந்தால் தள்ளி வைத்துவிடுவேன். சர்க்கரை கூடிய உடம்பில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சோர்ந்துவிடுவதால், திருகைச் சுற்றி எலும்பு வளர்வதும் தாமதமாகிறது, கிருமி தொற்றுவதும் எளிதாகிறது. பாக்கை விட்டுவிடுங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புகையிலை சேராத வெறும் பாக்கே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முடிவாகச் சொல்லியிருக்கிறது. வாயின் உட்தோலை இறுகச் செய்து, வாய் திறக்கும் அளவையும் அது குறைத்துவிடும். வாய் போதுமான அளவு திறந்தால்தான் திருகு வைக்கும் கருவியே உள்ளே நுழையும்.

இனி, மேல் செட் ஒட்டி நிற்க, கீழ் செட் மட்டும் ஏன் நழுவுகிறது என்பதற்கு வருவோம். மூன்று செட் மாற்றியும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். செய்து தந்தவர்கள் மேல் உங்களுக்கு வருத்தம் இருப்பது வரிகளில் தெரிகிறது. ஆனால் குற்றம் பெரும்பாலும் அவர்களுடையது அல்ல. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி, உமிழ்நீரின் மெல்லிய படலத்தால் உறிஞ்சப்பட்டது போல் ஒட்டிக்கொள்கிறது. கீழே அப்படி ஓர் அகலமான இடம் கிடையாது. லாடம் போன்ற குறுகிய வரப்பு ஒன்றுதான் உண்டு, அதன் நடுவே ஓயாமல் அசையும் நாக்கு வேறு இருக்கிறது. பல் போன பிறகு அந்த வரப்பும் கரைகிறது. முதல் ஆண்டில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும், ஆனால் ஒருபோதும் நிற்காமலும் அது கரைந்துகொண்டே போகும். நெடுங்காலம் தொடர்ந்து அளந்து பார்த்த ஆய்வுகளில், கீழ்த்தாடையின் தேய்மானம் மேல்தாடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று தெரிந்தது. பதினொரு ஆண்டு தேய்ந்த வரப்பில் நான்காவது செட்டை எவ்வளவு நேர்த்தியாகச் செய்து வைத்தாலும், பற்றிக்கொள்ள ஒரு பிடி இல்லாமல் அது நிற்காது.

அந்தப் பிடியைத்தான் இம்ப்ளான்ட் தருகிறது. டைட்டானியத்தால் ஆன சிறு திருகு அது. கனம் சுமார் 4 மில்லிமீட்டர், நீளம் சுமார் 10 மில்லிமீட்டர். மோவாய்ப் பக்கம், கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வெளியே வரும் இரண்டு துளைகளுக்கு இடையில் அதை வைக்கிறோம். அந்த முன்பகுதியில் நரம்பைத் தொடும் அபாயம் குறைவு. பின்பக்கம் கரைந்துபோனவர்களுக்கும் அங்கே எலும்பு பெரும்பாலும் மிச்சம் இருக்கும். ஈறுக்கு மேலே தெரிவது தோல் உரிக்காத உளுந்து அளவுள்ள இரண்டு உலோகத் தலைகள் மட்டுமே. பல்செட்டின் அடிப்பக்கத்தில் அவற்றுக்கு நேராக இரண்டு சிறு கிண்ணங்களும், கிண்ணங்களுக்குள் நைலான் வளையங்களும் இருக்கும். ரவிக்கையின் பிரஸ் பட்டனைப் போல, செட்டை வைத்து இரு கட்டைவிரல்களால் அழுத்தினால் ‘டக்’ என்று பிடித்துக்கொள்ளும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் இந்த வளையங்கள் நிறத்தால் பிரிக்கப்பட்டிருக்கின்றன: நீலம் இலேசான பிடி, இளஞ்சிவப்பு நடுத்தரம், வெள்ளை இறுக்கம். வயதானவர்களுக்கு நான் நீலத்தில்தான் தொடங்குவேன், ஏனென்றால் கழற்ற முடியாமல் திணறுபவர்கள் நாளடைவில் கழற்றுவதையே விட்டுவிடுகிறார்கள்.

நான்கு திருகின் மேல் நிலையாகக் கட்டும் பற்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. மெல்லும் வலுவில் அவை மேலானவை. கழற்றி மாட்டுவதை மனம் ஏற்காதவர்களுக்கும், கீழ்த்தாடையில் போதிய எலும்பும் கைகளில் சுறுசுறுப்பும் உள்ளவர்களுக்கும் நானே செய்து கொடுத்திருக்கிறேன். ஆயினும் மகன் அனுப்பும் பணம் இருக்கிறது என்பதற்காக மட்டும் நீங்கள் அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எனக்கு இந்த எண்ணம் வலுத்தது என் பெரியம்மாவால். வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் அவருக்குக் கீழ்த்தாடையில் நிலையான பற்கள் கட்டினார்கள். முதல் வருடம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டாம் வருடம் ஒரு பக்கம் ஆடத் தொடங்கியபோது என்னிடம் வந்தார். ஈறுக்கும் பற்களுக்கும் இடையே உள்ள இடுக்கில் உணவு அடைந்து, ஈறு வீங்கிச் சீழ் வைத்திருந்தது. மூட்டுவாதம் வந்த விரல்களால் அந்த இடுக்கில் தூரிகையை நுழைக்க அவரால் முடியவில்லை. இதை யாரிடம் சொல்வது என்றும் அவருக்குத் தெரியவில்லை. எந்தக் கம்பெனியின் திருகு என்று கேட்டால், வீட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஒவ்வொரு கம்பெனியின் திருகுக்கும் தலையும் சாவியும் வேறு. எக்ஸ்ரேயில் தெரிந்த வடிவத்தை வைத்து அடையாளம் கண்டு, பொருத்தமான சாவியைத் தேடி எடுக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அவர் கஞ்சிதான் குடித்தார். அதன் பிறகு, எழுபதை நெருங்கும் எவரிடமும் நான் முதலில் கேட்பது எத்தனை திருகு வேண்டும் என்று அல்ல. இதைத் தினமும் சுத்தம் செய்யப்போவது யார், எந்த விரல்களால் என்றுதான். கழற்றும் செட்டைக் கையில் எடுத்துக் கழுவலாம், ஈறின் மேல் நிற்கும் இரண்டு தலைகளையும் சிறு தூரிகையால் நேரடியாகத் தேய்க்கலாம். நாளை உடம்புக்கு முடியாமல் படுத்தாலும் மகளோ மருமகளோ செய்துவிடலாம்.

இது என் தனிப்பட்ட கருத்து மட்டுமல்ல. 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல் முழுவதும் போன கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட் தாங்கும் பல்செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும், சாதாரணச் செட் அல்ல என்று அறிவித்தார்கள். 2009-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வெளியான அறிக்கையும் அதையே வலியுறுத்தியது. மேல்தாடைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே எலும்பு மென்மையானது என்பதால், கழற்றும் செட்டுக்கே பெரும்பாலும் நான்கு திருகாவது வேண்டியிருக்கும்.

இந்த வயதில் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறும் தன்மைக்கு எல்லை வகுப்பது உடல்நிலை. வயதின் எண்ணிக்கை அல்ல. சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் எண்பது வயதுக்காரருக்குத் தயங்காமல் செய்வேன். புகைப்பதை விடாத ஐம்பது வயதுக்காரரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தச் சிகிச்சை புதிதாக முளைத்ததும் அல்ல. சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானெமார்க் என்ற மருத்துவர் 1950-களில், முயலின் எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முயன்றபோது, எலும்பு அதனோடு ஒன்றிப் போயிருப்பதைக் கண்டார். 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதன்முதலாக அந்தத் திருகுகளை வைத்தார். லார்சன் 2006-இல் காலமாகும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அவை அவருக்கு உழைத்தன.

வலியைப் பற்றியும் சொல்கிறேன். பல் எடுக்கும்போது போடும் அதே மரப்பு ஊசிதான், மயக்கம் தேவையில்லை. துளையிடும்போது எலும்பு 47 டிகிரிக்கு மேல் சூடானால் அதன் செல்கள் இறந்துவிடும் என்பதால், உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே மெதுவாகத் துளையிடுவோம். அதிர்வு தெரியும், வலி தெரியாது. இரண்டு மூன்று நாள் வீக்கம் இருக்கும். பல்லைப் பிடுங்கியபோது பட்டதைவிட இது குறைவு என்றுதான் பெரும்பாலானவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் பத்து நாளைக்குக் கீழ் செட்டைப் போடக் கூடாது. குழைந்த சாதம், இடியாப்பம், நன்றாக ஊறிய இட்லி போதும். பிறகு பழைய செட்டின் உட்புறத்தைக் குடைந்து, மெத்தென்ற பூச்சு வைத்துத் தருவோம்.

அதன் பிறகு உள்ளதுதான் பலருக்குப் பொறுக்க முடியாத பகுதி: காத்திருப்பு. நம் ஆத்தங்குடிக் கல்லை அச்சிலிருந்து எடுத்தவுடன் தரையில் பதிப்பதில்லை. தண்ணீருக்குள் சில நாள் கிடந்து இறுகிய பிறகே பதிக்கிறார்கள். திருகைச் சுற்றி எலும்பு இறுகவும் அப்படி ஒரு காலம் வேண்டும். கீழ்த்தாடைக்குச் சுமார் மூன்று மாதம். உடனே பல் மாட்டித் தருகிறோம் என்று சொல்வது எப்போதும் பொய் அல்ல, திருகு முதல் நாளே இறுக்கமாகப் பிடித்தால் சிலருக்குச் செய்யலாம். பதினான்கு வருடச் சர்க்கரை உள்ள உங்களுக்கு அந்த அவசரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே தை மாதச் சாந்திக்குள் முடியுமா என்றால், வாக்குத் தர இயலாது. இப்போது ஆனி. சர்க்கரை இறங்கி, அது பரிசோதனையில் தெரியவே புரட்டாசி ஆகிவிடும். அப்போது திருகு வைத்தாலும், எலும்பு இறுகும் நேரமும் சாந்தி வேலைகளும் ஒன்றாக வந்து சேரும். வீடு நிறைய உறவு கூடி, வேளைக்குச் சாப்பிடவும் மாத்திரை போடவும் மறக்கிற நாட்கள் அவை. ஆறிக்கொண்டிருக்கும் வாய்க்கு உகந்தவை அல்ல. நான் சொல்வது இதுதான்: இப்போது உள்ள கீழ் செட்டின் உட்புறத்தைப் புதிய அளவெடுத்து நிரப்பி, கடியைச் சரிசெய்துகொள்ளுங்கள்; ஓரிரு வருகையில் முடிந்துவிடும். விழா நாட்களுக்கு மட்டும் பல்செட் ஒட்டும் பசை கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். துத்தநாகம் சேராத பசையாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் துத்தநாகம் சேர்ந்ததை நாள்தோறும் அதிகமாகப் பயன்படுத்தியவர்களுக்கு நரம்புப் பாதிப்பு வந்திருக்கிறது. சாந்தி நல்லபடியாக முடிந்ததும், மாசியில் திருகுகளை வைத்துக்கொள்ளலாம்.

செட் பொருந்திய பிறகு என்ன சாப்பிடலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கைக்குட்டையைப் பற்றி எழுதியவருக்கு அதுதான் மனத்தில் இருக்கும். தேன்குழலை ஒடித்துப் பின்பற்களில் வைத்து மெல்லலாம். ஆட்டுக்கறியைச் சிறு துண்டாக்கிக்கொண்டால் மெல்லலாம். சீப்புச் சீடையை முன்பல்லால் கடித்து உடைக்கலாம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். செட்டில் இருப்பது அக்ரிலிக் பல்தான், அதற்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு திருகும் செட் எழும்பாமல் பிடித்துக்கொள்கின்றனவே தவிர, பின்பக்கம் அது இன்னும் ஈறின் மேல்தான் அமர்கிறது. அதனால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை உட்புறத்தை நிரப்ப வேண்டியிருக்கும். நைலான் வளையம் தேய்ந்து, ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும். அது சில நிமிட வேலை. தொழிலின் தொடக்கத்தில் ஒருவருக்கு இரண்டு திருகுகளையும் இணையாக இல்லாமல் சற்றுச் சாய்த்து வைத்துவிட்டேன். அவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வளையம் தேய்ந்தது. அந்தப் பிழைக்காக இன்றும் வருந்துகிறேன். அதற்குப் பின், துளையின் இடத்தையும் சாய்வையும் காட்டும் அளவுத்தகடு வைக்காமல் நான் துளையிட்டதில்லை. கீழ் செட் உறுதியாக நிற்கும்போது மேலே முன்பக்கம் அழுத்தம் கூடி, அங்குள்ள எலும்பு தேயவும் கூடும். ஆகவே மேல் செட் நன்றாக இருக்கிறது என்று வராமல் இருந்துவிடாதீர்கள்; ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டையும் காட்டுங்கள்.

இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். சோப்பும் மெல்லிய தூரிகையும் போதும். பற்பசையும் சாம்பலும் செட்டைக் கீறிவிடும், கொதிநீர் அதை வளைத்துவிடும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். வளவுத் தரையில் விழுந்து இரண்டாக உடைந்து வந்த செட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாட்டும்போது கடித்து உட்கார வைக்கக் கூடாது, விரலால்தான் அழுத்த வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, நான்கு திருகு நிலையான பற்களுக்கு ஆகும் தொகை இரண்டு திருகுச் செட்டைப்போல் பல மடங்கு. எங்கே செய்துகொண்டாலும், திருகு, அதன் தலை, பல்செட், ஸ்கேன், பின்னர் மாற்றும் வளையம் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். திருகு வந்த டப்பாவில் கம்பெனி பெயரும் அளவும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். அதை உங்கள் அட்டையில் ஒட்டி வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். மருத்துவர் செயற்கைப் பல் துறையிலோ ஈறு, தாடை அறுவைத் துறையிலோ எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு முடித்தவரா என்று கேட்பதில் தவறில்லை. சென்னை, சிதம்பரம் தவிர, 2023 முதல் நமக்குப் பக்கத்திலேயே புதுக்கோட்டையிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இன்னொரு கருத்துக் கேட்க அங்கும் காட்டலாம்.

வரும்போது மூன்று பழைய கீழ் செட்டுகளையும் எடுத்து வாருங்கள். உடைந்தது இருந்தாலும் சரி. எந்தச் செட் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், உங்கள் நாக்கும் கன்னமும் எப்படி வேலை செய்கின்றன என்பது ஸ்கேனைவிடத் தெளிவாகத் தெரியும். அவற்றில் ஒன்று நல்ல நிலையில் இருந்தால், அதன் அடியிலேயே கிண்ணங்களைப் பதித்துவிடலாம்; புதுச் செட்டுக்கான செலவு மிஞ்சும். மாத்திரை அட்டைகளையும் கடைசி இரண்டு இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் அதே பையில் வைத்துக்கொள்ளுங்கள். காலை உணவை விட்டுவிடாமல், சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு வாருங்கள்.